படகுத்துறையில் ஏழாம் எண் அறிவிப்பு

என்னைப் பற்றி மெயின்லேண்டில் எழுதுகிறவர்கள் தவறாமல் ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள்: "இருண்ட கதைகளுக்குப் பேர்போன வீடியோ கேம் வடிவமைப்பாளர்." போர்ட் பிளேர் ஷாதிபூரில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்து பார்த்தால் எது இருட்டு என்று தெரியும். மே மாதம் மழை பிடித்துவிட்டால் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். மற்றபடி என் வாழ்க்கையில் இருட்டு என்று எதுவும் கிடையாது. காலையில் மீன் கழுவுகிறேன், பகலில் இரண்டு மூன்று பேரைக் கொல்கிறேன், சாயங்காலம் மாடியில் காயும் துணியை எடுக்க மறந்து அம்மாவிடம் திட்டு வாங்குகிறேன். பதினோரு வருடமாக இதுதான் என் உத்தியோகம்.

நான் செய்த முதல் விளையாட்டில் ஒரு பெரிய கூடம் வரும். உள்ளே வருகிறவருக்கு ஒரு டோக்கன் தருவார்கள். எண்ணைக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். கூப்பிடவே மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார், தூங்குவார், அவருக்குத் தலை நரைக்கும். சிறிய ஜன்னல் ஒன்று திறக்கும். ஒரு கை வெளியே வந்து 'சர்வர் டவுன்' என்று எழுதிய அட்டையை வைத்துவிட்டு உள்ளே போய்விடும். கதை அவ்வளவுதான். இதை ஒரு விமர்சகர் நரகத்தின் புதிய வரைபடம் என்று எழுதினார். நான் வரைந்தது கப்பல் டிக்கெட்டுக்காக நின்ற ஒரு செவ்வாய்க்கிழமையை. எங்கள் தெரு டீக்கடைக்காரர் அதைப் போனில் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, "உட்கார நாற்காலி எல்லாம் போட்டிருக்கீங்களே, எந்த ஊர் ஆபீஸ் இது?" என்று கேட்டார். அவருக்கு அது ஊரை மிகைப்படுத்திப் புகழ்வதாகப் பட்டிருக்கிறது.

இரண்டாவது விளையாட்டு ஒரு பஸ். எங்கள் ஊரிலிருந்து வடக்கே போகும் பழங்குடிக் காட்டுப் பாதையில் நிஜமாகவே உள்ள விதிகள்தான்: வண்டிகள் வரிசையாகத்தான் போகும், நிற்கக்கூடாது, இறங்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. ஒவ்வொரு வளைவு தாண்டும்போதும் பயணிகளை எண்ணினால் ஒருவர் குறைவார். இதை விளையாடிவிட்டு மூன்று நாள் தூங்கவில்லை என்று ஒருவர் வெளிநாட்டிலிருந்து எனக்குக் கடிதம் எழுதினார். எங்கள் அம்மாவின் தங்கை வடக்கே ரங்கத் என்ற ஊரில் இருக்கிறார். அதனால் அம்மா வருடத்துக்கு நான்கு தடவையாவது அந்தப் பாதையில் பஸ்ஸில் போய்வருகிறவர். அவர் முழு விளையாட்டையும் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு குறை சொன்னார். "விடிகாலையில கிளம்புன பஸ்ஸு இந்நேரம் ரங்கத்துக்குப் போயிருக்கணுமே. டிரைவர மாத்துடி."

நான் வேலை பார்க்கும் நிறுவனம் மெயின்லேண்டில் இருக்கிறது. கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் வருவதற்கு முன்னால், செய்து முடித்த விளையாட்டை ஹார்டு டிஸ்கில் போட்டு, விமானத்தில் போகிற யாராவது ஒரு புண்ணியவானிடம் கொடுத்தனுப்புவேன். "உள்ளே என்னம்மா?" என்று கேட்டால் "நாப்பது சாவு" என்று சொல்ல முடியுமா? கல்யாண போட்டோ என்று சொல்லிவிடுவேன். என் மேலதிகாரி வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, குழம்பில் உப்பு கேட்பது மாதிரி, "இன்னும் கொஞ்சம் இருட்டு வேணும்" என்பார். நானும் போடுவேன். அப்படிப் போட்டதில்தான் மூன்றாவது விளையாட்டு வந்தது, வினையும் வந்தது.

அது செத்தவர்கள் ஏறிப்போகும் படகைப் பற்றியது. கரையில் ஒரு காத்திருப்புக் கூடம். அங்கே மரணம் கண்ணுக்குத் தெரியாது, ஒலிபெருக்கியில் பேசும். அந்தக் குரலுக்காக மெயின்லேண்டிலிருந்து பன்னிரண்டு நடிகர்களின் பதிவுகளை அனுப்பினார்கள். எல்லாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமினார்கள். மரணம் எதற்கு உறும வேண்டும்? அதற்கு என்ன அவசரம், யாரிடம் அதற்குப் பயம்? இதை யோசித்துக்கொண்டு ஒருநாள் படகுத்துறையில் நின்றபோது தலைக்குமேல் அந்தக் குரல் கேட்டது. நீல் தீவுப் படகு இன்று இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. கோபமில்லை, வருத்தமில்லை, எல்லாம் எப்போதோ முடிவாகிவிட்டது என்ற நிதானம் மட்டும் இருந்தது. எனக்குப் புல்லரித்தது.

எந்தப் படகுத்துறை என்று சொல்ல மாட்டேன். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஒரு அக்கா. அவருடைய பெற்றோர் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். சுனாமிக்குப் பிறகு அக்கா போர்ட் பிளேருக்கு வந்து இந்தப் படகுத்துறையில் தினக்கூலியாகச் சேர்ந்தார். முதலில் கூட்டிப் பெருக்கினாராம். ஒருநாள் மைக்கில் பேசுகிறவர் வரவில்லை என்று இவரைப் பேசச் சொன்னார்கள். அன்று பிடித்த மைக்கைப் பத்தொன்பது வருடமாக விடவில்லை. இந்தியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, கூட்டத்தில் நம்மவர்கள் அதிகமாகத் தெரிந்தால் தமிழிலும் ஒருமுறை. பத்தொன்பது வருடமும் தினக்கூலிதான். அவரை நிரந்தரமாக்கக் கோரும் ஃபைல் இரண்டு தடவை போய்த் திரும்பி வந்து, மூன்றாவது தடவையாகக் கடைசி மேஜைவரை போயிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அக்காவிடம் எதைப் பேசினாலும் பேச்சு அந்த மேஜையில் வந்து நிற்கும்.

மரணமாகப் பேசுவீர்களா என்று எப்படிக் கேட்பது என்று நான் ஒரு வாரம் தயங்கினேன். அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "மைக்கு இருக்கும்ல? பேசிருவோம் புள்ள."

எங்கள் வீட்டில் பதிவு செய்ய முடியாது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை, அவர்கள் ஜெனரேட்டர், தெரு நாய்கள். அதனால் மத்தியானம் படகு இல்லாத நேரத்தில், படகுத்துறை மைக்கிலேயே பதிவு செய்தோம். பன்னிரண்டு அறிவிப்புகள். நான் எழுதியிருந்த முதல் வரியே அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "நீங்க செத்துட்டீங்கன்னு பேசஞ்சர்கிட்ட மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லலாமா? அவுங்களுக்கே தெரியும்ல?" என்றார். அதை அடித்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு அறிவிப்பின் முடிவிலும் 'அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். "நம்ம ஆபீஸ்ல இத எப்பயும் விட்டுர்றாங்க. செத்தவங்ககிட்டயாச்சும் சொல்லிக்குவோம்." விளையாட்டு வெளியானபோது, உலகம் முழுக்க ஆட்கள் நடுங்கியது அந்த ஒரு வரிக்குத்தான். என் வாழ்க்கையிலேயே நான் வாங்கிய பெரிய பாராட்டு அக்கா எழுதிய வரிக்குக் கிடைத்தது.

பதிலுக்கு நான் ஒரு உதவி செய்தேன். அக்காவால் மைக்கை விட்டு எழுந்துபோக முடியாது, சோறும் மைக் முன்னால்தான். அதனால் தினமும் சொல்கிற பன்னிரண்டு ஆபீஸ் அறிவிப்புகளையும் பதிவு செய்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு, பென் டிரைவில் கொடுத்தேன். எண்ணை அழுத்தினால் போதும், குரல் வரும். "இனி கைகழுவிட்டு நிம்மதியா திங்கலாம்," என்று அக்கா சந்தோஷப்பட்டார். சில மாதம் கழித்துப் படகு நேரங்கள் மாறின. புதிதாகப் பதிவு செய்து, புது பென் டிரைவில் கொடுத்தேன். அவசரத்தில் நான் அதில் நகல் எடுத்துப் போட்டது தவறான தொகுப்பை. விளையாட்டுக்கான அறிவிப்புகளுக்கும் நான் ஒன்று முதல் பன்னிரண்டு வரைதான் எண் போட்டிருந்தேன்.

மறுநாள் சித்தி வீட்டில் காதுகுத்து. ரங்கத்துக்குப் படகில் போகலாம் என்று அன்று காலை நானும் வரிசையில் நின்றேன். அக்கா கடைவாய்ப் பல் பிடுங்க சுட்டி, அதாவது லீவு, போட்டிருந்தார். டிக்கெட் கொடுக்கிறவர் அவருக்குப் பதிலாக ஏழாம் எண்ணை அழுத்தினார். பயணிகள் ஏறலாம் என்று வரவேண்டும். அக்காவின் குரல் முதலில் இந்தியிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னது இதைத்தான்:

"பயணிகள் கவனத்துக்கு. இது கடைசிப் படகு. இந்தப் படகு திரும்பி வராது. உங்கள் பெயர் ஏற்கெனவே பட்டியலில் உள்ளது. சாமான்களைக் கரையிலேயே விட்டுவிடவும். யாரிடமும் விடைபெற நேரமில்லை. அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்."

இருநூறு பேர் அலறிக்கொண்டு ஓடப்போகிறார்கள், யாராவது கடலில் விழப்போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் ஓடவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். இரண்டு நிமிடத்தில் விசாரணை ஜன்னல் முன்னால் புதிதாக ஒரு வரிசை உருவாகிவிட்டது. திரும்பி வராது என்றால் நாளைக்கு வேறு படகு போடுவார்களா என்று ஒருவர் கேட்டார். திரும்பி வருவதற்கு வாங்கிய டிக்கெட்டை பஸ்ஸுக்கு மாற்றிக் கொடுப்பார்களா என்று இன்னொருவர் கேட்டார். "சாமான கரையில விடச் சொல்றாங்க, சரி. கோழிய என்னா பண்றது?" என்று கூண்டோடு நின்ற ஒரு அம்மா பொதுவாகக் கேட்டார். அதற்குள் பாதிப்பேர் மூட்டைகளைக் கரையில் ஒழுங்காக அடுக்கி, காவலுக்கு ஒரு ஆளையும் உட்கார வைத்துவிட்டார்கள். பத்து முறை ரத்து, இருபது முறை நேரமாற்றம் என்று பழகிய ஜனங்கள். மரணமே நேரில் வந்து சொன்னாலும் மறு அறிவிப்பு எப்போது என்றுதான் கேட்பார்கள்.

நான் ஜன்னலை நோக்கி ஓடினேன். "அது நிஜமான அறிவிப்பு இல்ல! நான் எழுதுனது!" என்று கத்தினேன்.

"யார் எழுதினா என்ன மேடம், லைன்ல வாங்க," என்றார் முன்னால் நின்றவர். வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் ஏழாம் எண் இன்னும் இரண்டு தடவை ஒலித்துவிட்டது.

கெடுத்தது மெயின்லேண்டிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி. ரங்கத் போய் அப்படியே வடக்கே போகத் திட்டமிட்டிருந்தவர்கள். அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். கணவன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்துவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, அங்கே இருந்தவர்களில் என் எழுத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

மறுநாள் மெமோ வந்தது. எனக்கில்லை, அக்காவுக்கு. குரல் அவருடையதாயிற்றே. பொதுமக்களை அச்சுறுத்தும் விதமாக அறிவிப்புச் செய்தது ஏன், மூன்று நாளில் விளக்கம் தரவும் என்றிருந்தது. கடைசி மேஜையில் இருந்த ஃபைலை விளக்கம் வரும்வரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அக்கா வீங்கிய கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார். "பத்தொம்பது வருசம் புள்ள. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி இருந்திச்சி," என்றார். நான் அவமானத்தில் குறுகிப்போனேன். விளக்கத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

பதினோரு வருடம் எழுத்தைத் தொழிலாகச் செய்தவளுக்கு ஒரு பக்க விளக்கக் கடிதம் எழுத வரவில்லை. முதல் முயற்சி இப்படி ஆரம்பித்தது: 'இந்தத் துறையில் நான் பத்தொன்பது வருடமாக யாரும் பார்க்காத ஒரு குரலாக இருந்துவந்தேன்.' அக்கா அதைப் படித்துவிட்டு, "இதப் படிச்சா நா செத்துட்டேன்னு நெனச்சி ஃபைல மூடிருவாங்க," என்றார். இரண்டாவது முயற்சியில் கடல் வந்துவிட்டது. மூன்றாவதில் எங்கிருந்தோ ஒரு காலி நாற்காலி வந்தது. கடைசியில் அக்காவே பேனாவை வாங்கி, 'பென் டிரைவ் மாறிவிட்டது, மன்னிக்கவும்' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதைப் படித்த அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு முழுக் கதையையும் கேட்டார். அவர் ரங்கத் பக்கத்துப் பெங்காலி, நல்ல மனிதர், ஓய்வுபெற ஒரு வருடம்தான் இருந்தது. அக்காவை 'தீதி' என்றுதான் கூப்பிடுவார். "எது ஆபீஸ், எது கேம் என்று நான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்," என்று இந்தியில் சொல்லிவிட்டு, ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து, இருபத்து நான்கு அறிவிப்புகளையும் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். யாரும் உதவக்கூடாது என்றும் உத்தரவு.

'குறித்த நேரத்தில் வராதவர்களுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்' என்று வந்தது. அவர் உதட்டைப் பிதுக்கி, கேம் பக்கத்தில் எழுதினார். அது ஆபீஸ். 'கடலில் விழுந்தவற்றுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்றதும் முகத்தைச் சுளித்து, "சீச்சீ, இது உங்களுடையது," என்று என்னைப் பார்த்தார். அதுவும் ஆபீஸ். 'முன்னால் போனவர்களைப் பற்றி இங்கே விசாரிக்க வேண்டாம், அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று மரணம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "இது நான் போட்ட சர்க்குலர்!" என்று ஆபீஸ் பக்கத்தில் அழுத்தி எழுதினார். முடித்துப் பார்த்தால் இருபத்து நான்கும் தலைகீழாக இருந்தன. ஒன்றுகூடச் சரியில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரிகிறது?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா இந்தியில் அவரிடம் பணிவாக ஏதோ சொல்லிவிட்டு, தமிழில் என்னிடம் சொன்னார்: "வருந்துறோம்னு வந்தா அது ஒன்னோடது புள்ள. ஆபீஸு எப்ப வருந்திச்சி?"

அதிகாரி நேர்மையானவர். ஒலிபரப்பான அறிவிப்பு அலுவலக நடைமுறையிலிருந்து மாறுபட்டதல்ல, கூடுதல் மரியாதையோடுதான் இருந்தது என்று குறிப்பு எழுதிப் புகாரை முடித்துவைத்தார். எனக்கு உயிர் வந்தது. அப்போது அவர், "பதிவு இவ்வளவு தெளிவாக இருக்கிறதே. மற்ற படகுத்துறைகளுக்கும் அனுப்பலாமே," என்றார். அந்த நிமிடத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வேலையை ஒரு அதிகாரி பாராட்டுகிறார். இதைவிடத் தெளிவாகச் செய்து தருகிறேன் என்று நானாக வாயைக் கொடுத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து பதிவிலிருந்து அக்காவின் மூச்சுச் சத்தத்தை நீக்கினேன், இருமலை நீக்கினேன், அவர் நாற்காலி கிறீச்சிடுவதை நீக்கினேன். எந்தப் படகு, எந்தத் தீவு, எந்த நேரம் என்று சொற்களை வேண்டியபடி கோத்துக்கொள்கிற மாதிரியும் செய்து கொடுத்தேன். இனிமேல் அந்தக் குரலை யாரும் குறை சொல்ல முடியாது என்று பெருமையாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து ஆணை வந்தது. அறிவிப்புகள் திருப்திகரமான பதிவாகக் கிடைப்பதால் அறிவிப்பாளர் என்று ஒரு பணியிடம் தேவையில்லை. விண்ணப்பதாரரைக் கருணையோடு பரிசீலித்து, காலியாக உள்ள உதவியாளர் பணியில் நிரந்தரமாக நியமிக்கிறார்கள். இது புதிய நியமனம் என்பதால் முந்தைய வருடங்கள் சேவையில் சேராது. அக்கா ஜிலேபிப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் அந்தத் தாளைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அம்மா பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ஜிலேபியைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தேன். நான் விளையாட்டுகளில் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறேன், ஒருவரையும் இவ்வளவு சுத்தமாகக் கொன்றதில்லை.

அக்கா வேலையில் சேர்ந்த அன்று ரங்கத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அக்கா நீலச் சட்டை போட்டுக்கொண்டு, படகுக்குப் போகும் வழியில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். தலைக்குமேல் ரங்கத் பயணிகள் ஏறலாம் என்று அவர் குரல் சொன்னது. காது மந்தமான ஒரு பெரியவர் அவரிடமே, "என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டார். அக்கா குனிந்து, அவர் காதோரம் அதையே இன்னொரு தடவை சொன்னார்.

என் முறை வந்தது. "அக்கா, என்னாலதான்…" என்று ஆரம்பித்தேன். அழுதுவிட்டேன்.

"ஏன் புள்ள அழுவுற? பர்மனன்ட்டு ஆயிருச்சில்ல?" என்றார். பிறகு ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார். அது ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை அக்கா மரியாதையாகக் கேட்டார்.

"அவுங்களுக்குப் பத்தொம்பது வருசம் சர்வீஸு," என்றார். "நா இன்னைக்கித்தான சேந்துருக்கேன்."

எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா முதுகில் தட்டினார். டிக்கெட்டை நீட்டினேன். அக்கா பாதியைக் கிழித்து வைத்துக்கொண்டு மீதியை என் கையில் கொடுத்தார்.